வடிவியலுக்கு வாங்கலாம், புள்ளியியலுக்கு வேண்டாம்

தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரியில் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு மாணவிகளுக்குக் கணிதம் கற்பித்தல் எடுக்கிறேன். எங்கள் வகுப்புக்காக ஆன்லைனில் வாங்கிய 'வடிவியல், புள்ளியியல் கற்பித்தல் பெட்டி' ஒன்றைப் பற்றித்தான் இந்த விமர்சனம். விலை 2,400 ரூபாய். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே சரக்கை நாலைந்து பெயர்களில் விற்கிறார்கள், உள்ளே இருப்பதைச் சொன்னாலே நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.

நாலு ஜியோபோர்டு (ரப்பர் பேண்டு மாட்டி உருவம் போடும் முளைப் பலகை), டேன்கிராம் (ஒரு சதுரத்தை ஏழாக வெட்டிய புதிர்) இரண்டு செட், மடித்தால் கன உருவமாகும் வலை அட்டைகள், பிளாஸ்டிக் வடிவத் துண்டுகள், பெரிய கோணமானி ஒன்று, ஒன்றோடொன்று மாட்டும் சின்னக் கனசதுரங்கள் 100, பழப்படம் அச்சடித்த அட்டைகள், ஒரு கையேடு. வடிவியல் பாதிக்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை. புள்ளியியல் பாதி, அச்சடித்த அட்டையின் விலைகூடப் பெறாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜியோபோர்டு பக்கத்துக்கு ஐந்து முளை, மொத்தம் 25. இதை வைத்து மாணவிகளிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: வெவ்வேறு அளவில் எத்தனை சதுரம் போட முடியும்? நாலு என்று எல்லாருமே நிறுத்திவிட்டார்கள். பக்கம் 1, 2, 3, 4, அவ்வளவுதான் என்றார்கள். கொஞ்ச நேரம் சும்மா விட்டேன். பின்வரிசையில் ஒருத்தி ரப்பர் பேண்டைச் சாய்த்து மாட்டினாள். உடனே பக்கத்தில் இருந்தவள், "டீச்சர், அது சதுரம் இல்ல, டைமண்ட்" என்றாள். பலகையைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினேன். "இப்போ சதுரம்!" திருப்பினால் சதுரம், மறுபடி திருப்பினால் டைமண்டா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது. அந்தப் பாடவேளை முழுவதும் அதிலேயே போயிற்று, போகட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசியில் எட்டு அளவு வந்தது. நேராக நிற்பவற்றின் பரப்பு 1, 4, 9, 16. சாய்ந்தவற்றின் பரப்பு 2, 5, 8, 10. ஒவ்வோர் அளவையும் எங்கெங்கெல்லாம் போடலாம் என்று எண்ணினால் மொத்தம் 50 சதுரங்கள். கையேட்டில் இந்தக் கேள்வியே கிடையாது. 'சதுரம் செய்க, முக்கோணம் செய்க' என்று ஒரு பக்கத்தில் முடித்துவிட்டார்கள்.

அந்த 'டைமண்ட்' பேச்சை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. பியர் வான் ஹீலி, டினா வான் ஹீலி என்று நெதர்லாந்தில் ஒரு ஆசிரியத் தம்பதி. வடிவியல் சிந்தனை படிப்படியாக வளர்கிறது என்று 1957இல் தங்கள் ஆய்வேடுகளில் எழுதினார்கள். முதல் படியில் உருவத்தின் தோற்றம் மட்டும் தெரியும். அடுத்ததில் பக்கம், கோணம் என்று பண்புகள் தெரியும். அதற்கும் அடுத்த படியில்தான் ஒரு பண்புக்கும் இன்னொரு பண்புக்கும் உள்ள தொடர்பு பிடிபடும். வயதானால் தானாகப் படி ஏறிவிடாது, கிடைக்கும் அனுபவத்தைப் பொறுத்தது என்பது அவர்கள் சொன்னதில் முக்கியமானது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் எடுத்துப் பாஸான பெண்ணும் சதுரத்தைச் சாய்த்தால் முதல் படியில் நிற்கிறாள். நாளைக்கு இவள்தான் மூன்றாம் வகுப்பில் போய் வடிவங்கள் நடத்தப்போகிறாள்.

இந்த இடத்தில்தான் பெட்டிமேல் எனக்குக் கோபம். வடிவத் துண்டுகளில் இருக்கும் முக்கோணம் எல்லாமே சமபக்க முக்கோணம். ஒல்லியாக, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும் முக்கோணம் ஒன்றுகூட இல்லை. இதையே பார்த்து வளரும் பிள்ளை, அப்படி ஒன்றைக் காட்டினால் 'இது முக்கோணம் இல்லை' என்றுதான் சொல்லும். அதைவிட மோசம், பிரித்து அடுக்கும் அட்டையில் சதுரத்துக்கு ஒரு கட்டம், செவ்வகத்துக்குத் தனிக் கட்டம். சதுரத்தைச் செவ்வகக் கட்டத்தில் வைத்தால் தவறாம், கையேட்டு விடைப் பக்கம் சொல்கிறது. நாலு கோணமும் செங்கோணமாக இருந்தால் செவ்வகம், சதுரத்துக்கும் அது உண்டு. இதை ஆசிரியப் பயிற்சிக்கான பெட்டி என்று போட்டு விற்கிறார்கள்!

ஜியோபோர்டில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சுற்றளவு கேட்டால் மாணவிகள் முளையை எண்ணுகிறார்கள். சாய்வாகப் போகும் பக்கத்தையும் 1 என்றே எண்ணிவிடுகிறார்கள். நூலை வைத்து அளக்கச் சொன்னேன், சாய்ந்த பக்கம் நீளம் என்று கண்ணாலேயே தெரிந்துவிட்டது. கையேடு இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பெட்டியோடு வந்த ரப்பர் பேண்டுகள் முதல் வாரத்திலேயே பொடிந்து அறுந்தன. சுற்றிலும் ரப்பர் தோட்டம் இருக்கும் ஊரில் நல்ல ரப்பர் பேண்டுக்கு நான் கடை கடையாக அலைந்தது தனிக் கதை.

கோணமானி அருமை. உள் அளவுக்கு ஒரு நிறம், வெளி அளவுக்கு இன்னொரு நிறம். 60 டிகிரியை 120 என்று படிக்கும் வழக்கம் பாதி குறைந்தது. டேன்கிராமும் சரிதான், ஏழு துண்டும் பொருந்துகின்றன. ஏழையும் சேர்த்து உள்நோக்கி வளையாத உருவங்கள் எத்தனை செய்யலாம் என்று தேட விடுங்கள், 13 உண்டு. வலை அட்டையில் கனசதுரத்துக்குச் சிலுவை வடிவ வலை ஒன்றுதான் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் 11 வலைகள் இருக்கின்றன. கட்டம் போட்ட தாளில் வெட்டி மடித்துப் பார்க்கச் சொல்லிவிட்டேன், அதற்குக் காசு வேண்டாம். சமச்சீர் அட்டைகளில் வண்ணத்துப்பூச்சி, இலை, மறுபடியும் வண்ணத்துப்பூச்சி. பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. பூமுகத்து (முகப்பு மண்டபத்து) மரக்கூரையை அண்ணாந்து பார்த்து, செதுக்கிய பூக்களை எத்தனை திருப்பலில் பழையபடி வருகிறது என்று எண்ணிவிட்டு வந்தாலே சுழல் சமச்சீர் முடிந்தது.

சரி, புள்ளியியல். கொடுத்திருக்கும் பழ அட்டைகள் ஆப்பிள், கிவி, ஸ்ட்ராபெரி, தர்ப்பூசணி. கூடவே '40 குழந்தைகளுக்குப் பிடித்த பழம்' என்று எண்ணி முடித்த ஒரு அட்டவணை. அட்டையை வரிசையாக ஒட்டினால் பட விளக்கப்படம் ரெடி. ஆனால் தர்ப்பூசணி அட்டை பெரிது, ஸ்ட்ராபெரி அட்டை சின்னது. நாலு தர்ப்பூசணி வைத்த வரிசை, ஆறு ஸ்ட்ராபெரி வரிசையைவிட நீளமாகத் தெரிகிறது! படங்கள் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பது பட விளக்கப்படத்தின் முதல் விதி. அதையே கோட்டைவிட்டிருக்கிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2007இல் வெளியிட்ட பள்ளிக்கல்வி வழிகாட்டியில் நாலு படி சொல்கிறார்கள்: கேள்வியை உருவாக்கு, தரவைத் திரட்டு, பகுத்துப் பார், முடிவுக்குப் பொருள் சொல். இந்தப் பெட்டி முதல் இரண்டையும் நம்மைச் செய்யவிடவில்லை. கடைசியையும் தொடவில்லை. படம் ஒட்டுவது மட்டும் மிச்சம்.

அட்டைகளை மூடிவைத்துவிட்டு, உங்களுக்குப் பிடித்த வாழைப்பழம் எது என்று வகுப்பில் கேட்டேன். நம் கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததால் ஊர்ப்பெருமை வேறு. கேட்டதும் தகராறு. "டீச்சர், எனக்கு ஏத்தன் சிப்ஸ் பிடிக்கும், பழம் பிடிக்காது. நான் எதுல?" "செந்துளுவன் பிடிக்கும், ஆனா விலை அதிகம், வாங்குறது ரசகதலிதான்." பிடித்ததா, வாங்குவதா, எதைக் கேட்கிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அப்புறம் எண்ணினோம்: மட்டி 11, செந்துளுவன் 8, ஏத்தன் 6, ரசகதலி 5, மற்றவை 2. ஒரு மாணவி அழகாக 32ஐ ஐந்தால் வகுத்து, சராசரி 6.4 என்று எழுதினாள். "6.4ன்னா எந்தப் பழம்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். பழ வகைக்குச் சராசரி கிடையாது, முகடு (அதிகம் பேர் சொன்னது) மட்டும்தான், அது மட்டி. பெட்டியின் அட்டவணையை வைத்திருந்தால் இந்தப் பேச்சு எதுவும் வந்திருக்காது.

விசித்திரம் என்னவென்றால், புள்ளியியலுக்கு வேண்டிய நல்ல கருவி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அந்த 100 கனசதுரங்கள். 'எண்ணிப் பழகு' என்று போட்டிருக்கிறார்கள். ஐந்து பேரின் வீட்டு ஆள் எண்ணிக்கையைக் கோபுரங்களாக அடுக்கச் சொன்னேன்: 3, 4, 4, 5, 9. உயரமானதிலிருந்து கழற்றிக் குட்டையானதில் மாட்டிச் சமப்படுத்தினால் எல்லாம் 5. கூட்டி வகுத்தால் வருகிற அதே 5. அந்த ஒன்பது பேர் வீட்டைப் பதினான்காக்கினால் சராசரி 6 ஆகிறது, இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) மட்டும் 4லேயே நிற்கிறது. "அப்போ இத்தன நாளும் எதுக்கு வகுக்குறோம்னே தெரியாம வகுத்தோமா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். இதற்காகவே இந்தக் கனசதுரங்களை மன்னித்துவிடலாம், மாட்டும் முனை சிலவற்றில் உடைந்திருந்தாலும்.

உடைந்ததை மாற்றித்தரக் கேட்டு எழுதினேன், பதில் இல்லை.

வகுப்பில் 32 பேருக்கு நாலு பலகை எந்த மூலைக்கு? தெரிந்த ஆசாரி ஒருவரிடம் ரப்பர் மரப் பலகையில் நாலு சென்டிமீட்டர் இடைவெளியில் 25 ஆணி அடித்துத் தரச் சொன்னேன். ஒரு பலகைக்கு 120 ரூபாய் ஆயிற்று. தலை அகலமான ஆணியாக இருக்கட்டும், ரப்பர் பேண்டு நழுவாது. பலகையின் பின்பக்கம் ஆணி முனை துருத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் வாங்கலாம்? ஆசிரியர் தகுதித் தேர்வு முதல் தாளுக்குப் படிப்பவர்களுக்கு இது தேவையே இல்லை. 150 மதிப்பெண்ணில் கணிதத்துக்கு 30, எல்லாம் கொள்குறி வினா, பழைய வினாத்தாளே போதும். டீச்சிங் பிராக்டிஸுக்கு டி.எல்.எம். (கற்பித்தல் துணைக்கருவி) தேடும் மாணவிகளும் கையிலிருந்து இவ்வளவு செலவழிக்க வேண்டாம். கல்லூரிக்கு என்றால் ஒரே ஒரு பெட்டி வாங்கலாம், கோணமானிக்காகவும் கனசதுரங்களுக்காகவும். கனசதுரங்களைத் தனியாகவும் விற்கிறார்கள். கைக்கு அடக்கமான பட்ஜெட் என்றால் அதை மட்டும் வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தை ஆசாரியிடம் கொடுங்கள்.