புருவமத்தி அழுத்தமும் பத்தாம் நிமிடத்து ‘டக்’கும்

சென்ற வாரம் ஹெட்போன் பழுது நீங்கித் திரும்பி வந்தது. அதே நாளில் நண்பர் ஒருவர், தியானத்துக்கு நான் பயன்படுத்தும் ஒலிச் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டலாமா என்று கேட்டார். உண்மையில் அவர் கேட்க நினைத்தது, “நீங்கள் சொல்லும் அந்த நெற்றி அழுத்தம் எனக்கும் வருமா?” என்பதைத்தான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, பதினான்கு மாதங்களாக அடக்கி வைத்திருந்த கோபமும் கூடவே வந்துவிட்டது.

அந்தச் செயலி தருவது ‘பைனாரல் பீட்ஸ்’ எனப்படும் ஒலி. இடக்காதில் 200 ஹெர்ட்ஸும் வலக்காதில் 206 ஹெர்ட்ஸும் தனித்தனியே ஒலித்தால், இரண்டும் மூளைத்தண்டில் சேர்ந்து வினாடிக்கு ஆறு முறை ஏறி இறங்கும் ஒரே ஒலியாகக் கேட்கும் என்பது அதைக் கேட்பவர்கள் அறிந்ததே. இயற்பியல் பாடத்தில் விம்மல் என்று படித்தோமே, அதன் உறவினர்தான் இது. என்ன, இங்கே விம்மல் காற்றில் நிகழாமல் தலைக்குள் நிகழ்கிறது. 19ஆம் நூற்றாண்டில் டோவே என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் கண்டறிந்த இந்த விளைவு, 1973இல் ஜெரால்ட் ஆஸ்டர் எழுதிய கட்டுரைக்குப் பிறகே பரவலான கவனத்தைப் பெற்றது. கேட்கக் கேட்க மூளை அலைகளும் அந்த ஆறு ஹெர்ட்ஸைப் பின்பற்றி, அரைத்தூக்கம் போன்ற ‘தீட்டா’ நிலைக்கு இறங்கிவிடும் என்பது விற்பவர்கள் அதன்மேல் ஏற்றிய வாக்குறுதி. ஆய்வு முடிவுகளோ இன்றுவரை ஒன்றையொன்று மறுத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

எனக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன். முதல் சில வாரங்களில் கால் மரத்துப்போனதைத் தவிர வேறொன்றும் இல்லை. அதற்குக் காரணம் கால் நரம்பு அழுந்தியதே என்பதால் இருக்கையை உயர்த்தியதும் சரியாயிற்று. இரண்டாம் மாதத்தில்தான் கைகள் வீங்கத் தொடங்கின. மடிமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகளில் எது மேலே, எது கீழே என்பது முதலில் மறந்துபோகும். பிறகு விரல்களுக்கு இடையிலான பிரிவுகள் மறையும். கடைசியில் மடியில் ஒரு தலையணை அளவுக்குச் சூடான, கனமான ஏதோ ஒன்று மட்டும் இருக்கும். கண்ணைத் திறந்தால் என்னுடைய அதே மெலிந்த கைகள். அதன் பிறகு புருவமத்தியில் யாரோ கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்துவது போன்ற உணர்வு வந்தது. சில நாட்களில் மயிர்க்கூச்சமும், உடல் இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போவது போன்ற மயக்கமும் கூட வந்தன.

அசையாமல் இருக்கும் தோலிலிருந்து புதிய செய்தி வராதபோது உடலின் எல்லை பற்றிய மூளையின் கணக்கு தளர்ந்துபோகிறது என்றும், மூடிய கண்களை நம்மை அறியாமல் மேலே குவிக்கும்போது நெற்றித் தசைகள் இறுகுகின்றன என்றும் விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது போதுமானதாகவே படுகிறது. பழைய பௌத்தர்களுக்கும் இது புதிதன்று. விசுத்திமக்கம் என்ற ஐந்தாம் நூற்றாண்டுப் பாலி நூல், மயிர்க்கூச்சத்தில் தொடங்கி உடல் முழுதும் பரவி நிற்பதுவரை இத்தகைய பரவசத்தை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. அதற்கான பாலிச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் ‘பீதி’ என்று வரும். முதல்முறை கைகள் வீங்கியபோது எனக்கு உண்டானது தமிழ்ப் பீதிதான்.

இனிக் கோபத்துக்கு வருகிறேன். ஒரு மணி நேரப் பதிவு என்று விற்கப்படும் இந்த ஒலி, உண்மையில் பத்து நிமிடத் துண்டு ஒன்றை ஆறு முறை ஒட்டியது. ஒட்டிய இடத்தில் ஒலியலை ஓரிடத்தில் அறுந்து வேறோரிடத்தில் தொடங்குவதால், நகத்தால் மேசையைச் சுண்டியது போல ‘டக்’ என்று கேட்கும். வேறெந்த வேளையிலும் காதில் விழாத ஓசை அது. கைகள் வீங்கி, நெற்றியில் அந்தக் கட்டைவிரல் வந்து அமர்ந்திருக்கும் வேளையிலோ, தோள் துள்ளி எல்லாம் ஒரே கணத்தில் கலைந்துவிடும். அதைவிடக் கொடுமை, மூன்றாம் மாதத்திலிருந்து எட்டாவது நிமிடம் ஆனதுமே உடல் அந்த ‘டக்’குக்காகக் காத்திருக்கத் தொடங்கியதுதான். புகார் எழுதினேன். அது கவனத்தை மீட்டெடுப்பதற்காகத் திட்டமிட்டு வைத்த குறிப்பொலி என்று பதில் வந்தது. அந்தப் பதிலைப் படித்த அன்று என்னால் தியானத்தில் உட்கார முடியவில்லை.

ஆயினும் நியாயமாகப் பேச வேண்டும், ஏனெனில் பழுது நீங்கி வந்த ஹெட்போன் என் பக்கமும் ஒரு தவறு இருப்பதைக் காட்டிக்கொடுத்தது. சரியாகிவிட்டதா என்று பார்க்க இட, வலச் சோதனை ஒலியை ஓடவிட்டேன். இடது என்று அறிவித்த குரலும் வலது என்று அறிவித்த குரலும் இரு காதிலும் ஒன்றாகவே கேட்டன. பிறகுதான் நினைவுக்கு வந்தது: ஏழு வாரங்களுக்கு முன் இடப்பக்கம் ஊமையானபோது, ஒரு காதிலேயே எல்லாம் கேட்கட்டும் என்று கைபேசியில் ‘மோனோ’ அமைப்பை நானே இயக்கியிருந்தேன். ஆக, அந்த ஏழு வாரங்களில் என் தலைக்குள் பைனாரல் என்று எதுவுமே நிகழவில்லை. இரு ஒலிகளும் முன்பே கலந்து, சாதாரண விம்மலாக வலக்காதில் மட்டும் விழுந்துகொண்டிருந்தன. கைகள் எப்போதும்போல வீங்கின. நெற்றி அழுத்தமும் நேரம் தவறாமல் வந்தது. ஏமாற்றமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

கலந்த ஒலியிலும் அதே ஆறு ஹெர்ட்ஸ் இருக்கத்தானே செய்கிறது, அதுவும் இன்னும் அழுத்தமாக, என்று யாரும் வாதிடலாம். அதனால் இந்த ஒரு வாரமாக ஒலியே இல்லாமல் உட்கார்ந்து பார்த்தேன். கதவு சாத்தும் ஓசை, யாரோ இருமும் ஓசை என்று ஒவ்வொன்றும் காதைப் பிடித்து இழுத்ததில், பன்னிரண்டு நிமிடத்தில் வரும் வீக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. ஆனாலும் வந்தது. அந்த ரீங்காரம் எனக்குச் செய்த உபகாரம், வெளியோசைகளை மறைத்ததும், எழுந்து போகாமல் பிடித்து வைத்ததும்தான் என்று தோன்றுகிறது. அந்த வேலையை மின்விசிறியின் இரைச்சலும் செய்யக்கூடும்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: சந்தா கட்ட வேண்டாம். அழுத்தம் வந்தால் வரட்டும், வராவிட்டால் அதைத் தேடிப் புருவத்தைச் சுருக்க வேண்டாம்; தலைவலிதான் மிஞ்சும். தியானம் முடிந்து எழுந்த பிறகும் மரப்போ தலைச்சுற்றலோ விடாமல் இருந்தால், அது மருத்துவரிடம் கேட்க வேண்டியது. ஒலி கேட்டே ஆக வேண்டுமென்றால், பக்கத்தில் பேசுபவரின் குரல் கேட்கும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் சந்தா முந்தாநாள் தானாகவே புதுப்பிக்கப்பட்டது. நிறுத்துவதற்கான பொத்தான் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும், தொடவில்லை. ஒலியில்லாத இந்த ஏழு நாட்களிலும் பத்தாவது நிமிடத்தில் என் தோள் துள்ளியது.