குழுவுக்கு ஆள் எடுப்பது: அமெரிக்க வழியா, பிரெஞ்சு வழியா?

உயிரியல் அறநெறி (மருத்துவத்திலும் உயிரியல் ஆய்விலும் எது சரி, எது தவறு என்ற கேள்விகள்) பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்ல 2001-இல் அதிபர் புஷ் ஒரு குழு அமைத்தார். அதிகபட்சம் 18 பேர். அத்தனை பேரையும் நியமித்தது அதிபரே. வேலை சீக்கிரம் முடியும், சரி. 2002-இல் ஆய்வுக்கான குளோனிங்கை (ஆய்வுக்காக மனிதக் கருவை நகலாக உருவாக்குவதை) நான்கு ஆண்டு நிறுத்திவைக்கச் சொல்லி 10 பேர் பரிந்துரைத்தார்கள். 7 பேர் ஏற்கவில்லை. அந்த ஏழு பேரில் ஒருவர் செல் உயிரியலாளர் எலிசபெத் பிளாக்பர்ன். 2004 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையிலிருந்து ஒரு போன் வந்தது: இனி உங்களுக்கு இடமில்லை. அரசியல் காரணம் இல்லை என்றார் குழுத் தலைவர் லியோன் காஸ். இருக்கட்டும். அதைப் பார்த்த பிறகு மாற்றுக் கருத்தைச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? (பிளாக்பர்னுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.)

இதே வேலைக்கான குழுவை அமைப்பதில் பிரான்ஸ் 1983-லேயே வேறு வழியில் போனது. தலைவரையும், முக்கியமான தத்துவ, ஆன்மிக மரபுகளிலிருந்து ஐந்து பேரையும் குடியரசுத் தலைவர் நியமிப்பார். மற்ற இடங்களுக்கு அமைச்சர்கள், நாடாளுமன்ற அவைகள், உயர் நீதி அமைப்புகள், ஆராய்ச்சி நிறுவனங்கள் ஆள் அனுப்பும். கூட்டம் பெரிது, பேச்சும் இழுக்கும். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான்: ஒருவர் நினைத்தால் மட்டும் குழு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்துவிடாது.