பழைய சோலார் பேனலைக் கொடுத்துவிடும் முன் எழுத்தில் கேளுங்கள்

கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறைப் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்து வீட்டில் புதிய சோலார் பேனல்களைப் பொருத்தித் தந்த விற்பனையாளர், பழையவற்றைத் தாமே எடுத்துச் சென்று உற்பத்தி நிறுவனத்தின் வழியாக மறுசுழற்சிக்கு அனுப்பிவிடுவதாக உறுதியளித்து, அதற்கென்று தனியாக 3,000 ரூபாய் பெற்றுக்கொண்டார். பில்லில் அது 'அப்புறப்படுத்தும் கட்டணம்' என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது. சில வாரங்கள் கழித்து, அதே பேனல்கள் சாலையோரச் சரிவில், ஓடைக்குச் சற்று மேலே கிடந்தன. அலுமினியச் சட்டங்களை நெம்பி எடுத்திருந்தார்கள். செம்புக் கம்பிக்காகப் பின்புறப் பெட்டியைப் பெயர்த்திருந்தார்கள். நொறுங்கிய கண்ணாடி செல்களைவிட்டு உதிராமல், ஈரப் பாயைப் போல மடங்கித் தொங்கியது. பின்பக்க ஸ்டிக்கரில் அழியாமல் இருந்த வரிசை எண்கள், எங்கள் வாரன்டி அட்டையில் உள்ளவையேதாம்.

நிறுவனம் திரும்ப வாங்குவதில்லை என்றார் விற்பனையாளர். அவர் கொடுத்த வாக்குக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றது நிறுவனம்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2034-35 வரை கழிவாகும் சோலார் பேனல்களை உரிய முறையில் சேமித்து வைக்கும் கடமையை உற்பத்தியாளர்கள் மீதே சுமத்துகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2012-லேயே பேனல்களை உற்பத்தியாளர் பொறுப்புக்குள் கொண்டுவந்துவிட்டது. அப்படியிருக்க, நம் கூரையிலிருந்து அவர்கள் கிடங்குவரை கொண்டுசேர்க்கும் செலவை யாரும் ஏற்காவிட்டால் அந்த விதியால் மலையில் இருப்பவனுக்கு என்ன பயன்? பேனலின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு கண்ணாடி. அதில் உள்ள விலை மதிப்புள்ள வெள்ளியோ மிகச் சொற்பம். பழைய இரும்புக் கடைக்காரருக்குச் சட்டமும் கம்பியும் போதும். மிச்சத்தை வத்தலக்குண்டுக்கு இறக்கும் லாரி வாடகைகூட அதிலிருந்து தேறாது என்பதால், அது சரிவில்தான் விழும். பேனலுக்குள் கம்பிகளை ஒட்டவைக்கும் பற்றாசில் (சால்டர்) உள்ள ஈயம் மழையில் கரைந்து நாம் குடிக்கும் ஓடையில் இறங்கக்கூடும் என்பதே என் பெரும் கவலை.

கொடைக்கானலுக்கு இது புதிதன்று. 2001-இல் மூஞ்சிக்கல் பழைய பொருள் கிடங்கில் பாதரசம் கலந்த வெப்பமானிக் கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட்டது. மக்கள் விடாமல் போராடிய பிறகே, 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது.

ஆகவே, பேனல் வாங்கும்போதே, பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தி நிறுவனத்தின் பெயரோடு எழுதி வாங்குங்கள். வரிசை எண்களைப் படமெடுத்துக்கொண்டு, ஒப்படைத்த ரசீது வந்த பிறகே கட்டணம் கொடுங்கள். அதுவரை உடைக்காமல், வெயில் படாதபடி மூடி வையுங்கள்; விரிசல் விட்ட பேனலிலும் வெயிலில் மின்சாரம் வரும். நான் படங்களோடும் பில்லோடும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் எழுதியிருக்கிறேன். மன்னவனூர், கவுஞ்சிப் பக்கத்தில் இப்படிக் கட்டணம் கட்டிக் கொடுத்தவர்கள், தங்கள் பேனல்கள் எங்கே சேர்ந்தன என்று விற்பனையாளரிடமும் நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டு, பதில் வராவிட்டால் நீங்களும் புகார் அனுப்புங்கள்.