12 அங்குலம் என்று சொல்லி விற்ற பேண்ட்சா

வைரம் பாய்ந்த சிறு கட்டைகளை வீட்டிலேயே பலகையாக அறுத்துக்கொள்ளலாம் என்ற ஆசையில் மலிவான பேண்ட்சா ஒன்றை வாங்கி ஏமாந்தேன். முனைகளை ஒட்டி வளையமாக்கிய பட்டை பிளேடு இரண்டு சக்கரங்களைச் சுற்றி ஓடி மரத்தை அறுக்கும் ரம்ப இயந்திரம்தான் பேண்ட்சா. இதில் விற்றவரின் பேச்சு பாதி, என் அவசரம் பாதி. இரண்டையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

என் தேவை சின்னதுதான். மரம் ஒன்றை வெட்டியபோது மிஞ்சிய கிளைகள். 15 முதல் 18 சென்டிமீட்டர் விட்டம், முழங்கை நீளம். விறகாக்க மனம் வரவில்லை. நெடுக்காக அறுத்து, உலர வைத்து, சின்னப் பெட்டிகளும் உளிப்பிடிகளும் செய்யலாம் என்று கணக்குப் போட்டேன். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் ‘12 அங்குலம்’, ‘2 எச்.பி.’, ‘கடின மரத்துக்கும் ஏற்றது’ என்று இருந்தது. சந்தேகத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன், “ஏழு அங்குலக் கட்டை நுழையுமா?” என்று. “பன்னிரண்டு என்றே போட்டிருக்கிறோமே சார்! ஏழு என்ன, பத்தே போகும்” என்றார். அந்தப் ‘பத்தே’யில் விழுந்துவிட்டேன்.

பேண்ட்சாவின் பெயரில் வரும் அங்குலம் கட்டையின் பருமனைக் குறிப்பதே இல்லை. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகச் சுழலும் அந்த இரண்டு சக்கரங்களின் விட்டம் அது. சிலர் பிளேடுக்கும் பக்கத்துத் தூணுக்கும் இடையிலுள்ள அகலத்தைச் சொல்வார்கள். அதுவும் ஏறக்குறைய அதே எண்தான். கட்டை நுழைய வேண்டிய இடமோ வேறு: மேசைக்கும், பிளேடை இருபுறமும் தாங்கிப் பிடிக்கும் மேல் கைடுக்கும் நடுவிலுள்ள உயரம். 14 அங்குல வார்ப்பிரும்பு இயந்திரங்களிலேயே இது வழக்கமாக 6 அங்குலம்தான். தூணை இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு இரும்புத் துண்டைச் சேர்த்துப் பூட்டினால்தான் 12 கிடைக்கும். 9, 10 அங்குலம் என்று விற்கும் மேசை இயந்திரங்களில் பெரும்பாலும் 4 அங்குலத்தோடு கதை முடிந்துவிடும்.

பெட்டியைப் பிரித்த அன்று கைடை முழுக்க உயர்த்தி அளந்து பார்த்தேன். 148 மில்லிமீட்டர். அதையும் முழுதாகப் பயன்படுத்த முடியாது. உருண்டைக் கட்டையை அப்படியே மேசையில் வைத்துத் தள்ளக் கூடாது. ஒட்டுப்பலகையில் ஒரு சட்டம் செய்து, கட்டையைத் திருகு போட்டு அதில் இறுக்கி, சட்டத்தோடு சேர்த்துத் தள்ள வேண்டும். அடிப்பலகை 18 மில்லிமீட்டர் தின்றுவிட்டது. மிச்சம் 130, அதாவது ஐந்து அங்குலம். என்னிடம் இருந்த கட்டைகளில் ஒன்றுகூட நுழையவில்லை. கோடரியால் இரண்டு பக்கமும் செதுக்கித்தான் நுழைத்தேன். பலகையாக வேண்டிய மரம் தரையில் சிராயாகக் கிடந்தது.

அடுத்தது மோட்டார். பின்பக்கத் தகட்டில் 750 வாட் என்று பொறித்திருந்தது. ஒரு எச்.பி. என்பது 746 வாட். இரண்டு என்றால் 1,500 வாட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கேட்டதற்கு “அது உச்சத் திறன் சார்” என்றார்கள். மோட்டார் திணறி நிற்கப் போகும் தறுவாயில் ஒரு கணம் காட்டும் எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த 750-க்குப் பக்கத்தில் பி1 என்றும் இருந்தது. பி1 என்றால் மோட்டார் உள்ளே இழுக்கும் மின்திறன். பி2 என்றால்தான் அச்சில் நமக்குக் கிடைப்பது. அதற்கும் கீழே எஸ்6 40% என்று பொடி எழுத்து. பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம்தான் சுமை கொடுக்கலாம், மீதி ஆறு நிமிடம் சும்மா சுழல விட வேண்டும் என்று அதற்குப் பொருள். தொடர்ந்து ஓடக்கூடியது என்றால் எஸ்1 என்று இருக்கும். விளம்பரத்தில் இல்லாத உண்மை அத்தனையும் அந்த உள்ளங்கையளவு தகட்டில் இருந்தது.

இருந்தாலும் அறுத்துப் பார்த்தேன். கூடவே வந்த பிளேடு 6 மில்லிமீட்டர் அகலம், அங்குலத்துக்கு 6 பல். ஐந்து அங்குல மரத்துக்குள் ஒரே நேரத்தில் முப்பது பற்கள் இருக்கும். பச்சை மரத்தின் ஈரத்தூள் பற்களின் இடுக்கில் அடைத்துக்கொண்டு வெளியே வர வழியில்லாமல் திணறும். பிளேடு அறுப்பதை விட்டுத் தேய்க்கத் தொடங்கியது. புகை, கருகிய வாடை, நடுவழியில் மோட்டார் நின்றது. சிக்கிய பிளேடை எடுக்க அறுத்த வாயில் ஆப்பு அடித்துக்கொண்டிருந்தபோது, ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் நினைவுதான் வந்தது.

தவறு பிளேடில்தான் என்று நினைத்து, 12 மில்லிமீட்டர் அகலம், அங்குலத்துக்கு 3 பல் உள்ள பிளேடு தேடினேன். அங்கேதான் அடுத்த கண்ணி. என் இயந்திரத்துக்கு வேண்டிய நீளம் வழக்கமாகக் கடைகளில் கிடைக்கும் நீளங்கள் எதிலும் சேராதது. விற்றவரிடமே வாங்க வேண்டும். அவரிடம் அகலமான பிளேடு கிடையாது. கடைசியில் சுருளிலிருந்து வெட்டி, நீளத்துக்கு ஒட்டிக் கொடுக்கும் ஒருவரைக் கண்டுபிடித்தேன். புதுப் பிளேடில் வேகம் வந்தது, நேர்மை வரவில்லை. பலகையின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் கோடு சரியாக இருக்கும். நடுவில் வயிறு தள்ளியிருக்கும். பிளேடு போதிய இறுக்கம் இல்லாமல் மரத்துக்குள் வில்லாக வளைவதன் அடையாளம் இது. இறுக்கும் திருகைத் திருகினால் சுருள்வில் முழுக்க நசுங்கி வளையங்கள் ஒன்றையொன்று தொட்டு நின்றது. அதற்கு மேல் திருகியபோது மேல் சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பே கண்ணெதிரில் சாய்ந்தது. ‘20 மில்லிமீட்டர் பிளேடு வரை’ என்று விளம்பரத்தில் போட்டிருந்ததும் பொய்யில்லை என்றுதான் சொல்ல வேண்டும்: 20 மில்லிமீட்டர் பிளேடைச் சக்கரத்தில் மாட்டலாம். இறுக்கத்தான் முடியாது.

படம் எடுத்து அனுப்பினேன். பச்சை மரத்தை அறுத்தது என் குற்றம் என்று பதில் வந்தது. காய்ந்த துண்டை அறுத்துப் படம் அனுப்பினேன். மரம் மிகவும் கடினம் என்று பதில் வந்தது. ‘கடின மரத்துக்கும் ஏற்றது’ என்ற அவர்களுடைய வரியை வட்டமிட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை. இயந்திரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியதும் மட்டும் உடனே வந்தது: மரத்தூள் படிந்த இயந்திரத்தைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். மரத்தூள் படியாமல் ரம்பத்தைச் சோதிக்கும் வித்தை எனக்குத் தெரியாது. உத்தரவாதச் சீட்டை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். மோட்டார் எரிந்தால் மட்டும் மாற்றித் தருவார்கள். பேரிங், சக்கரத்தின் ரப்பர், கைடு எல்லாம் ‘தேயும் பாகங்கள்’.

மூன்றாவது வாரம் அவர்களுடைய பழைய பிளேடை மெல்லிய துண்டுகளுக்காக மறுபடி மாட்டினேன். சுற்றுக்கு ஒருமுறை ‘டிக்’ என்று ஒலி கேட்டது. அலட்சியமாக விட்டேன். நாலாவது நிமிடம் துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம், ஒட்டு விட்டுவிட்டது. மூடி சாத்தியிருந்ததால் தப்பினேன். ஒட்டு மேடாக இருந்தாலும் விரிசல் விட்டிருந்தாலும் கைடைக் கடக்கும்போது அப்படித்தான் ஒலிக்கும்; உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும். இந்த ஒட்டுதான் பேண்ட்சாவின் பிறவி நோய். வில்லியம் நியூபெரி 1808-லேயே இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் பிளேடின் இரு முனைகளையும் நிலைக்கும்படி ஒட்டத் தெரியாமல் இயந்திரம் பல ஆண்டுகள் உருப்படியாகப் பயன்படவில்லை. 1846-ல் பிரான்சில் அன் போலின் கிரெபின் என்ற பெண்மணி ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் வழி திறந்தது. அவர் தீர்த்து வைத்த சிக்கலை என் பெட்டிக்குள் புதிதாகப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

என் பங்குக்கு நான் செய்த மடத்தனமும் ஒன்று உண்டு. ஒரு சின்ன உருண்டைத் துண்டைத்தானே குறுக்கே வெட்டப் போகிறோம் என்று சட்டமில்லாமல் கையில் பிடித்துத் தள்ளினேன். பற்கள் கீழ்நோக்கி இழுக்கின்றன. உருண்டைக்கு அடியில் பிடிமானம் இல்லை. கட்டை சட்டென்று உருண்டு விரல்களையும் மேசைப் பக்கம் இழுத்தது. கை பிழைத்தது, பிளேடு முறுக்கிக்கொண்டது. இதற்கு விற்றவரைக் குறை சொல்ல முடியாது. எத்தனை நல்ல இயந்திரமாக இருந்தாலும் இது நடக்கும்.

இப்போது வேறொன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஒருவர் பயன்படுத்திய பழைய 14 அங்குல வார்ப்பிரும்பு இயந்திரம், உயரம் கூட்டும் துண்டோடு. இந்த முறை போகும்போது அளவுகோலையும் என் கட்டை ஒன்றையும் எடுத்துப் போனேன். தகட்டைப் படித்தேன். மூடியைத் திறந்து சக்கரங்களைக் கையால் சுழற்றினேன். ரப்பரில் வெடிப்பு இல்லை, பேரிங்கில் கரகரப்பு இல்லை. கைடை மேலே ஏற்றியும் கீழே இறக்கியும் அது பிளேடை விட்டு விலகுகிறதா என்று பார்த்தேன். மலிவான இயந்திரங்களில் ஏற ஏற ஒரு பக்கமாக ஒதுங்கும். பிளேடின் நீளத்தைக் கேட்டு, அந்த நீளம் இரண்டு இடங்களில் கிடைக்கிறதா என்று விசாரித்தேன். பிறகு என் கட்டையை அவரையே அறுக்கச் சொன்னேன். விலையைப் பற்றி அதுவரை நான் வாய் திறக்கவில்லை. பலகையின் நடுவில் வயிறு இல்லை.

இந்த இழுபறியில் ஒன்றை மறந்துபோனேன். வெட்டிய அன்றே கட்டைகளின் இரு முனைகளிலும் மெழுகோ பெயின்டோ பூசியிருக்க வேண்டும். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். பூசாத கட்டைகளில் பாதிக்கு மேல் மையத்திலிருந்து நட்சத்திரம்போல் வெடித்துவிட்டன. நெடுக்காக இரண்டாகப் பிளந்து போட்டிருந்தாலாவது கொஞ்சம் தப்பியிருக்கும்.

நேற்று அந்தப் பழைய விளம்பரத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வாங்கும்போது என்னை மயக்கிய படம்: இயந்திரம், அதனருகே பருத்த கட்டை, மேலே கை வைத்துச் சிரிக்கும் ஒருவர். படத்தைப் பெரிதாக்கினேன். கட்டை மேசையின் ஓரத்தில், பிளேடுக்கு முன்னால் இருக்கிறது. கட்டையின் உச்சி மேல் கைடைவிட நான்கு விரல் உயரம்.