வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு: காரா, சைக்கிளா?

வேளச்சேரி விஜயநகரிலிருந்து கிண்டியில் என் அலுவலகம் சுமார் 5 கிலோமீட்டர். இந்தத் தூரத்தை நாலு வருடம் காரில் போனேன், இப்போது ஒன்றரை வருடமாகச் சைக்கிளில் போகிறேன்.

முதலில் நேரம். காலை ஒன்பது மணிக்குக் காரில் கிளம்பினால் நல்ல நாளில் 20 நிமிடம், மழை நாளில் 50. குருநானக் கல்லூரி சிக்னலில் மூன்று பச்சை விழுந்தும் நகராமல் நின்ற நாட்கள் உண்டு. போய்ச் சேர்ந்தபின் வண்டியை நிறுத்த இடம் தேட வேண்டும். சைக்கிளில் எந்த நாளும் 25 நிமிடம், மிஞ்சினால் 28. எத்தனை மணிக்குச் சேருவேன் என்று வீட்டிலேயே சொல்லிவிட முடிகிறது. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

சரி, வியர்வை? சித்திரை வெயிலில் அந்த நேரத்துக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கேரியரில் ஒரு துண்டும் மாற்றுச் சட்டையும் வைத்திருப்பேன். முகம் கழுவி, ஃபேனடியில் நின்று ஆறப் பத்து நிமிடம். அதையும் கூட்டினால் 35 நிமிடம். நல்ல நாளில் கார்தான் முந்தும், ஒப்புக்கொள்கிறேன்.

செலவில் போட்டியே இல்லை. நெரிசலில் என் கார் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர்தான் கொடுத்தது. போக வர ஒரு லிட்டர், அதாவது தினம் சுமார் நூறு ரூபாய். சைக்கிளுக்கு எப்போதாவது பஞ்சர், பிரேக் கட்டை, செயினுக்கு எண்ணெய், அவ்வளவுதான். இடமும் அப்படித்தான்: ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டு சைக்கிளாவது நிற்கும்.

பாதுகாப்பில் மட்டும் கார் தெளிவாக ஜெயிக்கிறது. சைக்கிளுக்குக் கிடைப்பது சாலையின் இடது ஓரம். பேருந்து நிறுத்தம், ஆட்டோ ஸ்டாண்ட், எதிர்த்திசையில் வரும் பைக், இரண்டு அங்குலம் உள்ளிறங்கிய சாக்கடை மூடி எல்லாம் அங்கேதான். பின்னால் பேருந்து ஹாரன் அடித்தால் ஒதுங்க இடம் இருக்காது. தண்ணீர் தேங்கினால் மூடி எது, பள்ளம் எது என்று தெரியாது. அன்றைக்கு நான் சைக்கிளை எடுப்பதில்லை.

எனக்காவது அப்படி ஒதுங்கிக்கொள்ள வழி இருக்கிறது. அதே ஓரத்தில் இரவுப் பணி முடித்துத் திரும்பும் காவலாளிகளும் டீ கேனைக் கட்டிக்கொண்டு போகும் அண்ணன்களும் மழையிலும் மிதிக்கிறார்கள். காரா சைக்கிளா என்ற கேள்வியே அவர்களுக்கு இல்லை. நடப்பவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் முன்னிறுத்தும் கொள்கையைச் சென்னை 2014-லேயே ஏற்றுக்கொண்டது. சைக்கிளுக்கென்று தனித் தடம் வந்தால் முதலில் பிழைப்பவர்கள் இவர்கள்தான். அதற்காகவாவது அது வர வேண்டும்.

அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக, ஊருக்குப் போக, கார் இன்னும் இருக்கிறது. ஆனால் ஏழு கிலோமீட்டருக்குள் தனியாகப் போகும் வேலை என்றால், மழை இல்லாத நாளில், என் ஓட்டு சைக்கிளுக்கே. மாற நினைப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அதே வழியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சாக்கடை மூடிகள் எங்கெங்கே என்று அன்றைக்கே மனப்பாடம் ஆகிவிடும்.