சிஎஸ்கியூ வலிச் சமாளிப்பு வினாப்படிவம்: மொழிபெயர்த்துப் பயன்படுத்துவதற்கு முன்

நாள்பட்ட வலியை மக்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அளக்க, 1983-ல் ரோசன்ஸ்டீலும் கீஃபும் வெளியிட்ட படிவம்தான் சிஎஸ்கியூ (Coping Strategies Questionnaire). எட்டு உத்திகள், உத்திக்கு 6 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை மதிப்பெண். வலியைக் கட்டுப்படுத்தவும் குறைக்கவும் எவ்வளவு முடிகிறது என்று கடைசியில் இரண்டு கேள்விகள்.

இதன் பலம், வலியைப் பூதாகரமாக நினைக்கும் போக்கை அளக்கும் பகுதி. அதற்காகவே இந்தப் படிவத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கூற்றுகள் மனச்சோர்வோடு நெருங்கியவை. மனச்சோர்வு அளவுகோல் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால், எதை அளந்தோம் என்றே தெரியாமல் போகும்.

பலவீனமான பகுதிகளும் உண்டு. 61 முதுகுவலி நோயாளிகளிடம் நடந்த முதல் ஆய்விலேயே, வலியை வெளிக்காட்டும் நடத்தைகளுக்கான பகுதியின் ஆல்ஃபா (ஒரு பகுதியின் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்; 1-ஐ நெருங்கினால் நல்லது) 0.28தான். அதை விட்டுவிடுங்கள். கடவுளை வேண்டுவதையும் மருத்துவம் ஒருநாள் குணமாக்கும் என்று நம்புவதையும் ஒன்றாகக் கூட்டுவதும் சரியல்ல. 1997-ல் வந்த 27 கூற்றுகள் கொண்ட திருத்த வடிவத்தில் பிரார்த்தனை தனிக் காரணியாக (ஒன்றாகச் சேர்ந்து நகரும் கூற்றுகளின் தொகுதியாக) நிற்கிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதையே பரிந்துரைக்கிறோம். எந்த வடிவமானாலும் எல்லாப் பகுதிகளையும் கூட்டி ஒரே மொத்த மதிப்பெண் போடாதீர்கள். நன்மை தரும் உத்தியும் கெடுதல் செய்யும் எண்ணமும் அதில் ஒன்றையொன்று அடித்துவிடும்.

மொழிபெயர்ப்பில் அதிகம் சறுக்குவது, வலி வேறொருவர் உடலில் இருப்பதுபோல் எண்ணிக்கொள்வது பற்றிய கூற்றில். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், மூல மொழிக்கே திருப்பிப் பெயர்த்துப் பார்க்கும் மறுமொழிபெயர்ப்பில் அப்படியே மூலம் திரும்பி வரும், குழுவும் திருப்தியடையும். படிப்பவருக்கு மட்டும் புரியாது. ஆகவே 30 முதல் 40 நோயாளிகளிடம் ஒவ்வொரு கூற்றையும் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இந்தப் படியைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

பிறகு திருத்த வடிவத்தின் கூற்றுக்குப் 10 பேர் வீதம் 270 பேரிடம் தேடல் காரணி ஆய்வு, அதாவது எந்தக் கூற்றுகள் ஒரே காரணியில் சேர்கின்றன என்று விடைகளிலிருந்து கண்டறிவது. அந்த அமைப்பு பொருந்துகிறதா என்று சோதிக்கும் உறுதிப்படுத்தும் ஆய்வுக்கு வேறு ஆட்கள். ஐகன் மதிப்பு (ஒரு காரணி விளக்கும் வேறுபாட்டின் அளவு) 1-ஐத் தாண்டினால் காரணி என்ற பழைய விதி தேவைக்கு மேல் காரணிகளைக் காட்டும். தற்செயல் தரவில் வரும் மதிப்புகளோடு ஒப்பிடும் இணைப் பகுப்பாய்வு நம்பகமானது. விடைகள் தரவரிசைத் தரவு என்பதால், அத்தகைய தரவுக்கென உள்ள பாலிகோரிக் தொடர்பெண்களையே எடுங்கள்.

ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி நிரப்பச் சொல்லும்போது, இடையில் சிகிச்சை மாறியவர்களை நீக்கிவிடுங்கள். அவர்களைச் சேர்த்துவிட்டு ஐசிசி (இருமுறை வந்த மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.70-க்குக் கீழே போனால், அது படிவத்தின் குற்றமல்ல.

ஐந்து நிமிடமே கிடைக்கும் வலி மருத்துவப் பிரிவுக்கு இது நீளம். பூதாகர எண்ணங்களை மட்டும் அளக்கும் 13 கூற்றுகள் கொண்ட பிசிஎஸ் (Pain Catastrophizing Scale) அங்கே போதும்.