சென்னிமலை பக்கம் 10 சென்ட் மனைய மட்டம் பண்ணுன ஜேசிபி காண்ட்ராக்டர் பத்தி

பெருந்துறை, சென்னிமலை சுத்துவட்டாரத்துல வீடு கட்டறதுக்கு மண்ணு வேலைக்கு ஆள் தேடறவங்களுக்காக எழுதறேன். பேரு போடல, ஏன்னா நல்லதும் கொறையும் ஒட்டுக்கா சொல்லப்போறேன். சொந்தமா ரெண்டு ஜேசிபி (3டிஎக்ஸ் மாடல்) வெச்சிருக்காரு, பாறை ஒடைக்கற பிரேக்கரும் இருக்கு, ரோலரும் டிப்பரும் வெளிய வாடகைக்கு எடுத்துத் தருவாரு. இந்த வெளிய எடுக்கற எடத்துலதான் பிரச்சனையே, அத அப்பறம் சொல்றேன்.

எங்க மனை 60-க்கு 72 அடி. தெக்க மேடு, வடக்க போகப்போக எறக்கம், ட்யூப் லெவல் (தண்ணி ரொப்புன மட்டக்குழாய்) வெச்சு பாத்தா தெக்குப் பொழிக்கும் (எல்லை வரப்பு) வடமேக்கு மூலைக்கும் மூணரை அடி வித்தியாசம். மேட்டுல ரெண்டடிக்கு செம்மண்ணு, அதுக்குக் கீழ சுக்காம்பாறை, அதாவது உதிர்ற மாதிரி இருக்கற பாறை. பள்ளத்துல கரிசல். ரேட் கேட்டப்ப மத்தவங்க எல்லாம் எடத்தக் கூட எறங்கிப் பாக்காம "மொத்தமா பேசிக்கலாமுங்க"ன்னாங்க. இவரு மட்டும் கடப்பாறைய வாங்கி நாலஞ்சு எடத்துல குத்திப் பாத்துட்டு, "கீழ என்ன கெடக்குன்னு தெரியாம மொத்தமா பேசுனா ஒண்ணு நீங்க ஏமாறோணும், இல்லீன்னா நான் பாதில வண்டிய எடுத்துட்டு ஓடோணுமுங்க"ன்னாரு. அந்த பேச்சுக்கே வேலைய குடுத்துட்டேன்.

மணிக்கு 1,300, பிரேக்கர் மாட்டுனா 2,200, ஆபரேட்டர் படி தனி. கேபின்ல மணி மீட்டர் இருக்குது, ஆரம்பிக்கறப்பவும் நிறுத்தறப்பவும் அத போட்டோ புடிச்சு அவருக்கே வாட்ஸ்அப்ல அனுப்பிருவேன், கணக்குல ஒரு வார்த்தை கூட மாறல. ஆனா ஒண்ணு, இன்ஜின் சும்மா ஓடுனாலும் அந்த மீட்டர் ஏறும், டிப்பருக்காக காத்திருக்கறப்ப ஆஃப் பண்ணச் சொல்லுங்க.

ஆபரேட்டர் அரூர் பக்கத்து அண்ணன். அவரு கைக்கு அஞ்சு ஸ்டார் தாராளமா தரலாம். வந்ததும் பக்கெட்ட எறக்கல, மொதல்ல மனைய ஒரு சுத்து நடந்தாரு, நாலு அளவுக்கல்லையும் தேடிப் புடிச்சு ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ஒரு குச்சி நட்டு செவப்புத் துணி கட்டுனாரு. பொறகு "ஏனுங்ணா, மேல் மண்ண தனியா ஒதுக்கிரட்டுங்களா, தென்னைக்குப் போட்டுக்கலாமுங்"னு கேட்டாரு. பத்து பேர்ல ஒம்போது பேரு அந்த நல்ல மண்ண அடில தள்ளி மூடிட்டு போயிருவாங்க. கரிசல வழிச்சு எடுத்துரலாம்னு சொன்னதும் அவருதான். கரிசல் நனைஞ்சா உப்பும், காஞ்சா பாளம் பாளமா வெடிக்கும், அது மேல தரை போட்டா டைல்ஸ் தூக்கிரும், அதனால பேஸ்மெண்டுக்குள்ள அத வெச்சு நெரப்பவே கூடாது.

பள்ளம் நெரப்ப எவ்வளவு மண்ணு வேணும்னு நீங்களே போட்டுப் பாக்கலாம். வடக்குப் பாதி 5 சென்ட்னா 2,178 சதுர அடி, சராசரி ஒண்ணரை அடி ஒசத்தறதுக்கு 3,267 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட், ஆக 33 யூனிட், அழுத்துனா எறங்கும்ங்கறதுக்காக கால்வாசி சேத்துனா 40 சொச்சம். பாதி தெக்க வெட்டுனதுலயே வந்துருச்சு, மிச்சத்துக்கு கிராவல் எறக்குனோம். மூணு யூனிட்னு சொல்லி வந்த டிப்பர டேப் வெச்சு அளந்தா நீளம் 12, அகலம் ஆறரை, ஒயரம் 3, அதாவது 234 கன அடி, ரெண்டே கால் யூனிட்டுக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான். காண்ட்ராக்டர கூப்புட்டுச் சொன்னேன், வாதாடாம அளந்த கணக்குக்குத்தான் பணம் வாங்குனாரு. நடைச்சீட்டு (மண்ணு கொண்டு போறதுக்கான அனுமதிச் சீட்டு) இருக்கான்னும் கேட்டு வாங்குங்க, வழில லோடு மாட்டுனா உங்க வேலைதான் நிக்கும்.

வாட்டம் விஷயத்துல வீட்டுல பெருசுங்க கன்னிமூலை (தென்மேக்கு) ஒசரணும், ஈசானியம் (வடகெழக்கு) எறங்கணும்னு ஒரே பிடி. சாக்கடையும் வடகெழக்குலதான் இருக்குதுங்கறதால நானும் சரின்னுட்டேன். 72 அடிக்கு ஒம்போது இஞ்சு வாட்டம் கேட்டேன், குடுத்தாங்க.

இனி கொறை. அரூர் அண்ணன் வேற சைட்டுக்கு போக, ஒரு சின்னப் பையன அனுப்புனாங்க. அவன் ரிவர்ஸ்ல வந்த வேகத்துல குச்சி, துணி, அளவுக்கல்லு எல்லாத்தையும் சாச்சுட்டான். அது எங்க பங்காளி காட்டு பக்கம். சும்மாவே அங்க பேச்சுவார்த்தை கொறவு, கேக்கவா வேணும், அவங்க பெரியப்பா வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு வந்துட்டாரு. காண்ட்ராக்டர் அரை மணி நேரத்துல வந்து அவரு கிட்ட "தப்பு எங்களுதுங் மாமா"ன்னு நின்னு பேசி, சர்வேயர வர வெச்சு தன்னோட செலவுலயே கல்ல நட்டுக் குடுத்தாரு. அந்த மட்டுக்கும் மனுசன் ஓடி ஒளியல.

ஆனா நெரப்புன மண்ண கெட்டிப்படுத்தற வேலைல சொதப்பிட்டாரு. ஒம்போது இஞ்சுக்கு ஒரு தடவ பரப்பி, தண்ணி விட்டு, ரோலர் ஓட்டணும்னுதான் பேச்சு. மொத அடுக்குக்கு ரோலர் வந்துச்சு, அப்பறம் அது வேற எங்கயோ வாடகைக்கு போயிருச்சு, மீதி மொத்தத்தையும் ஒரே மூச்சுல கொட்டி ஜேசிபியவே முன்னயும் பின்னயும் ஓட்டி "கெட்டியாயிருச்சுங்"ன்னாங்க. டயர் போன தடம் மட்டும்தான் அழுந்தும், நடுவுல பொதபொதன்னு அப்படியே கெடக்கும். கேட்டா "மழை பேஞ்சா தானா எறங்கிருமுங்க"ங்கறாரு. எறங்குச்சு, கோடை மழைக்கு வடமேக்கு மூலை ஒரு சாண் எறங்கி, இப்ப தண்ணி ஈசானியத்துக்கு போகாம பங்காளி வேலியோரமா நிக்குது. வீட்டுக்கு பயமில்ல, தூண் குழி எல்லாம் நெரப்புன மண்ணத் தாண்டி பழைய கெட்டி மண்ணு வரைக்கும் எறக்கச் சொல்லி இன்ஜினியர் ஆரம்பத்துலயே கறாரா சொல்லிட்டாரு. காம்பவுண்டு சுவருக்குத்தான் யோசனை.

பாக்கி 15,000 நான் கைல வெச்சிருக்கேன். ரெண்டு லோடு கிராவல் போட்டு ரோலர் ஓட்டித் தர்றேன்னு ஒத்துக்கிட்டாரு. ஆகஸ்ட் 15 வாக்குல கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி விட்டா எங்க பக்கம் கசிவு ஏறி அடிமண்ணு சொதசொதன்னு ஆயிரும், அதுக்கு முன்னாடி முடிக்கச் சொல்லி போன் மேல போன் போட்டுட்டு இருக்கேன்.

வெட்டறதுக்கு இவர தாராளமா கூப்புடலாம், நெரப்பற வேலைன்னா ரோலர் சைட்டுல வந்து நின்ன பொறகு மண்ண எறக்கச் சொல்லுங்க. ஆடில பூமி பூஜை போடறவங்க கொறவு, வண்டி சும்மா நிக்கும், மணிக்கு நூறு எறநூறு கொறச்சுப் பேசலாம். ஆனா அரூர் அண்ணன் ஆடி 18-க்கு ஊருக்குப் போறாராம், அவருதான் வேணும்னா அது முடிஞ்சு தேதி கேளுங்க.